காட்டுமாடு எந்தப் பக்கம் போனது

சகுனம் பார்ப்பவரையும் மிருகம் பார்ப்பவனையும் ஒரே ஜீப்பில் ஏற்றி மலைக்கு அனுப்பக் கூடாது. அனுப்பினால் என்ன ஆகும் என்பதைத்தான் இங்கே எழுதப் போகிறேன். சகுனம் பார்ப்பவர் என் பெரியத்தான். மிருகம் பார்ப்பவன் நான்.

நான் மதுரை தல்லாகுளத்தில் குடியிருப்பவன். நீதிமன்றத்தில் எழுத்தர் வேலை. எங்கள் பக்கம் வசந்தம் வந்துவிட்டது என்பதற்கு அடையாளம், நடைபாதையில் தர்பூசணியைக் குவித்து வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். காட்டு மிருகம் பார்க்கும் பைத்தியம் எனக்கு ஐம்பது வயதுக்கு மேல்தான் பிடித்தது. பையன் வேலையில் சேர்ந்ததும் ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்தான். மொட்டை மாடியில் நின்று எதிர்வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் உட்காரும் மைனாக்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டுக்காரர் ஒருநாள் வந்து மரியாதையாகக் கேட்ட பிறகு அதையும் நிறுத்திக்கொண்டேன்.

என் அக்கா டி. கல்லுப்பட்டியில் இருக்கிறாள். அத்தான் தவறிச் சில வருடங்கள் ஆகின்றன. ஒரே மகள் பூங்கொடி. மதுரையில் ஒரு மருத்துவமனையில் நர்ஸ். அங்கேயே ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பையனை அவளுக்குப் பிடித்துப் போயிற்று. பையன் மலைக்கு அந்தப்புறம் மயிலாடும்பாறைக்காரன். அவன் வீட்டார் வந்து பெண்ணைப் பார்த்துச் சம்மதம் சொல்லிவிட்டார்கள். இனி நாங்கள் போய் அவர்கள் வீட்டைப் பார்க்க வேண்டும்.

எங்கள் பக்கம் இதில் ஒரு வழக்கம் உண்டு. பிடித்திருந்தால் மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அதற்குக் கை நனைப்பது என்று பெயர். கை நனைத்துவிட்டால் பேச்சு முடிந்தது, பிறகு யாரும் பின்வாங்க முடியாது. பிடிக்கவில்லை என்றால் ஒரு வாய் காப்பிகூடக் குடிக்காமல், வயிறு சரியில்லை என்று எதையாவது சொல்லிவிட்டுக் கிளம்பி வந்துவிடுவோம். எங்கள் ஊர்களில் வயிறு சரியில்லை என்று சொன்னால் யாரும் மருந்து கொடுக்க மாட்டார்கள். புரிந்துகொள்வார்கள்.

பெண்ணின் அப்பா இல்லாததால் அவருடைய அண்ணன்தான் முடிவு சொல்ல வேண்டியவர். அவர்தான் பெரியத்தான். நல்ல மனிதர், தம்பி போன பிறகு அந்தக் குடும்பத்தைக் கைவிடாதவர். ஆனால் தினசரி நாள்காட்டியைக் கேட்காமல் முடிகூட வெட்ட மாட்டார். இதற்கு முன்பு உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பூங்கொடிக்கு வந்த இரண்டு வரன்களையும் அவர்தான் தள்ளிவிட்டார். ஒன்றில் கிளம்பும்போது பூனை குறுக்கே போயிற்று. இன்னொன்றில் யாரோ தும்மிவிட்டார்கள். தும்மியது நான்.

அதனால் பூங்கொடி இந்த முறை எனக்கு முன்கூட்டியே போன் செய்துவிட்டாள். "மாமா, நீங்க அங்க போய் ஒண்ணும் பேச வேணாம். வீடு ஓட்டு வீடா, காரை வீடான்னுகூடப் பாக்க வேணாம். பெரியப்பாவ எலையில ஒக்கார வச்சிருங்க. அம்புட்டுத்தான்." அவள் குரலில் கெஞ்சல் இல்லை. ஊசி போடுவதற்கு முன் நர்ஸ் பேசுகிற குரல் அது. அந்தக் குரலை மீறி எனக்குப் பழக்கமில்லை.

வழக்கமாக மயிலாடும்பாறைக்கு உசிலம்பட்டி, ஆண்டிபட்டி வழியாகச் சுற்றிப் போவார்கள். பெரியத்தான் அந்தப் பாதை நமக்கு ராசியில்லை என்றார். நான் உடனே, "மல்லப்புரத்துலருந்து மலை ஏறி எறங்குற ரோடு ஒண்ணு இருக்கே அத்தான்" என்றேன். இதில் உள்நோக்கம் இல்லை என்று சொல்ல மாட்டேன். அந்தக் காட்டில் காட்டுமாடும் சாம்பல் அணிலும் உண்டு என்று கேள்விப்பட்டிருந்தேன்.

பங்குனி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது. ஓட்டுநர் செல்வம் உள்ளூர்க்காரர், மலை ரோடு என்றதும் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்து வந்தார். நான் முதல்நாள் சிம்மக்கல்லில் வாங்கி வந்த பழங்களும், வழிக்கு அக்கா கட்டிய இட்லிப் பொட்டலமும் பின்னால் ஏறின. மூன்று பேராக நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது என்பதால் செல்வத்தையும் கணக்கில் சேர்த்து நான்கு பேர் என்று பெரியத்தான் அறிவித்தார்.

புறப்படும் நேரத்தில் அக்காவைக் காணோம். பிறகுதான் தெரிந்தது. புருஷனை இழந்தவள் எதிரே வரக் கூடாது என்று அவள் கொல்லைப்புறமாகவே போய்த் தெருமுனையில் நின்றுகொண்டிருந்தாள். பெரியத்தான் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. பெற்ற மகளின் கல்யாணப் பேச்சுக்குத் திருடி மாதிரி வந்து வண்டி ஏறினாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. வாயைத் திறக்கப் போனேன். அக்கா என் மடியிலிருந்த பழத்தட்டை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, "நீ ஒன் பைனாகுலரப் பத்திரமாப் புடிச்சுக்க தம்பி" என்றாள். நான் பைனாகுலரைப் பிடித்துக்கொண்டேன்.

ஊர்க்கோடியில் இருக்கும் ஆசிரமத்தைத் தாண்டியதும் பெரியத்தான் முன் சீட்டிலிருந்து ஒரு வெல்லக் கட்டியை நீட்டினார். ஞாயிற்றுக்கிழமை மேற்கே சூலம். அந்தத் திசையில் போகக் கூடாது, போய்த்தான் ஆக வேண்டும் என்றால் வெல்லம் தின்றுவிட்டுப் போகலாம் என்று நாள்காட்டியிலேயே போட்டிருக்கும். எனக்குச் சர்க்கரை வியாதி. சொன்னேன். "பரிகாரத்துக்கெல்லாம் சர்க்கரை ஏறாது மாப்ள" என்றார். ஒரு கட்டிதானே என்று வாயில் போட்டுக்கொண்டேன்.

மலை ரோட்டின் குணம் எங்கள் இருவருக்குமே தெரியாமல் போயிற்று. சமவெளியில் மேற்கே போகும் சாலை மேற்கேதான் போகும். மலையில் அப்படி இல்லை. மேற்கே பத்தடி போய்க் கொண்டை ஊசி போல் வளைந்து கிழக்கே திரும்புகிறது, அடுத்த வளைவில் மறுபடியும் மேற்கு. பெரியத்தான் தன் போனில் திசைகாட்டியைத் திறந்து வைத்துக்கொண்டார். முள் மேற்கைத் தொடும்போதெல்லாம் ஒரு கட்டி வெல்லம் பின்னால் வந்தது. அக்கா தின்றாள். செல்வம் தின்றார். நான் வாயருகே கொண்டுபோவது போல் கொண்டுபோய்ச் சட்டைப்பையில் போட்டேன். பை கனக்கத் தொடங்கியது.

ரோடு என்று அதைச் சொல்வது ஒரு மரியாதைக்காகத்தான். தார் இருந்த இடம் கொஞ்சம், ஜல்லி இருந்த இடம் மிச்சம். ஜீப் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக விசாரித்துவிட்டுத்தான் நகர்ந்தது. அடிவாரச் சோதனைச் சாவடியில் வனக்காவலர், "வண்டிய விட்டு எறங்காதீங்க, எதுக்கும் தீனி போடாதீங்க" என்று சொல்லி அனுப்பியிருந்தார். இருபுறமும் காய்ந்த மரங்களுக்கு நடுவே புங்க மரங்கள் மட்டும் எண்ணெய் தேய்த்தது போல் புதுத் தளிரோடு நின்றன. எங்கிருந்தோ இலுப்பைப் பூ வாசம் வந்தது. காட்டுக் கோழி ஒன்று கத்தியது. மதுரையில் நான் இத்தனை வருடம் எதை வசந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

ஓடையோரம் ஒரு பெரிய புளிய மரம். அதன் கிளையில் பூனை அளவுக்கு ஒரு உருவம் கால்களைத் தொங்கப் போட்டுப் படுத்திருந்தது. சாம்பல் நிற உடம்பு, அதே நீளத்துக்கு வால், விபூதி பூசினது போல் வெளுத்த முடி. சாம்பல் அணில்! என் வாய் தன்னால் திறந்தது. அப்போதுதான் ஒரு விஷயம் உறைத்தது. இந்தப் பிராணி குறுக்கே பாய்ந்தால் நல்லதா கெட்டதா என்று எந்த நாள்காட்டியிலும் போட்டிருக்காது. போடாததையெல்லாம் பெரியத்தான் கெட்டதில்தான் சேர்ப்பார்.

வாயை மூடிக்கொண்டேன். எத்தனையோ மாதமாக ஆசைப்பட்ட அணில் தலைக்கு மேலே கிடக்கிறது, நானோ எதிர்ப்பக்கப் பாறையைக் காட்டி, "அத்தான், அந்தப் பாறையப் பாருங்க, பிள்ளையார் மாதிரியே இல்ல?" என்கிறேன். பெரியத்தான் பாறையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அக்கா மட்டும் மரத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

கொஞ்ச தூரம் ஏறியதும் இன்ஜின் சூடேறிவிட்டது. தண்ணீர் ஊற்றியே ஆக வேண்டும் என்று செல்வம் வண்டியை ஓரங்கட்டினார். இறங்கக் கூடாது என்பது நினைவிருந்ததால் நாங்கள் உள்ளேயே இருந்தோம். குரங்குகளுக்கு அப்படி ஒரு உத்தரவும் இல்லை. முதலில் ஒன்றுதான் வந்தது. பின்பக்கமாக ஏறி, என் மடியில் நிதானமாக உட்கார்ந்து, சொந்தப் பையில் கைவிடுவது போல் என் சட்டைப்பையில் கைவிட்டு ஒரு வெல்லக் கட்டியை எடுத்தது. நான் அலறி எழுந்தேன். மண்டை கூரைக் கம்பியில் இடித்தது. அந்தக் களேபரத்தில் மற்றவை ஏறி இட்லிப் பொட்டலத்தையும் வாழைப்பழச் சீப்பையும் தூக்கிக்கொண்டு போய்விட்டன. அக்கா ஆப்பிளையும் வெற்றிலையையும் மட்டும் தட்டோடு மார்பில் அணைத்துக் காப்பாற்றினாள்.

பெரியத்தான் திரும்பி என் சட்டைப்பையைப் பார்த்தார். அதில் இன்னும் வெல்லம் இருந்தது.

"இம்புட்டும் நீ திங்காம வச்சிருந்தியா மாப்ள?"

"சர்க்கரை, அத்தான்."

"அப்ப இம்புட்டு வளைவும் நீ சூலத்துல வந்திருக்க."

"குரங்கு ஆஞ்சநேயர் அம்சம்தான அத்தான். அவரே வந்து வாங்கிக்கிட்டாரு." நீதிமன்றத்தில் வேலை பார்த்துப் பழகிய நாக்கு. அவர் கொஞ்சம் யோசித்தார். ஏற்றுக்கொண்டது போலத்தான் தெரிந்தது. அப்படியே விட்டிருந்தால் எல்லாம் சரியாகப் போயிருக்கும்.

உச்சிக்குப் பக்கத்தில் ஒரு வளைவில் திரும்பியதும் செல்வம் பிரேக்கை அழுத்தி இன்ஜினை அணைத்தார். ரோட்டின் நடுவே காட்டுமாடு. நான் படத்தில் பார்த்ததெல்லாம் ஒன்றுமே இல்லை. ஜீப்பின் உயரத்துக்கு நின்றது. கறுத்து மினுங்கும் உடம்பு. முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளை, பள்ளிக்கூடப் பிள்ளை சாக்ஸ் போட்டது போல. அதன் வயிற்றோரம் செம்பட்டை நிறத்தில் ஒரு கன்று. பயமாகத்தான் இருந்தது, ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. இப்படி ஒன்று நம் ஊருக்கு இவ்வளவு பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறது, நான் தண்ணீர்த் தொட்டி மைனாவைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

பெரியத்தான் உதடு அசையாமல் கேட்டார். "மாப்ள, இது பசுவா, எருமையா?"

எனக்குக் கேள்வியின் பாரம் புரிந்தது. "பசுதான் அத்தான். கன்னோட பசு எதிர்ல வந்தா அதுக்கு மேல நல்ல சகுனமே கெடையாது. நீங்கதான் சொல்லுவீங்க."

"கறுப்பா இருக்கே. கொம்பு பாரு. எருமைன்னா எமன் வாகனம்."

"காட்டெருமைன்னு சும்மா சொல்றது. இது மாட்டுச் சாதி. புத்தகத்துல போட்டிருக்கு."

"புத்தகம் எழுதுனவன் பொண்ணு கட்டிக் குடுக்கப் போறப்பவா இதப் பாத்தான்?"

செல்வம் ஸ்டியரிங்கை விட்டுக் கையெடுக்காமல் சொன்னார். "அண்ணே, பசுவோ எருமையோ, ரெண்டு பேரும் மெதுவாப் பேசுங்க. அது முட்டுச்சுன்னா எனக்கு வண்டி கெடையாது."

"கன்னு பால் குடிக்குது" என்றாள் அக்கா. அப்போதுதான் நாங்கள் கவனித்தோம். அதனால்தான் அது நகராமல் நின்றது. "குடிச்சு முடிக்கட்டும். அதுவரைக்கும் யாரும் பேசாதீங்க." பெரியத்தானிடம் அக்கா இப்படிப் பேசி நான் கேட்டதில்லை. அவரும் கன்றையே பார்த்துக்கொண்டிருந்தார்.

குடித்து முடித்ததும் மாடு வலப்பக்கத்திலிருந்து இடப்பக்கச் சரிவில் இறங்கியது. கன்று பின்தொடராமல் வலப்பக்கமே ஓடிவிட்டது. மாடு செருமிக்கொண்டே திரும்ப ஏறிவந்து கன்றைத் தேடிக்கொண்டு வலப்பக்கக் காட்டுக்குள் போனது. ரோடு காலியாயிற்று.

"வலமிருந்து எடம் போச்சு. சரியில்ல" என்றார் பெரியத்தான்.

"திரும்ப எடமிருந்து வலம் வந்துச்சே அத்தான். மேல்கோர்ட்டுத் தீர்ப்புத்தான் செல்லும்."

"மொதல்ல எந்தப் பக்கம் போச்சோ அதான் கணக்கு." 

நான் மறுபடி வாதாட வாயெடுத்தேன். செல்வம் இன்ஜினைக் கிளப்பினார். ஜீப் ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது. அடியில் ஏதோ கழன்று விழுந்து உருண்டது. சைலன்சர். அதைப் பொறுக்கிவரச் செல்வம் இறங்கி நடந்தபோது வண்டிக்குள் நாங்கள் மூன்று பேர்தான் இருந்தோம். பெரியத்தான் எங்களை எண்ணினார். விரலை மடக்கி எண்ணியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

சைலன்சர் இல்லாத ஜீப் மலையே அதிரும்படி கத்திக்கொண்டு இறங்கியது. வழியில் ஒரு காக்காய்கூடத் தென்படவில்லை. மயிலாடும்பாறைக்குச் சற்று முன்னால் பெரியத்தான் வண்டியை நிறுத்தச் சொன்னார். எமகண்டம் ஓடிக்கொண்டிருந்தது, அது கழியாமல் ஊருக்குள் நுழையக் கூடாது. இலவம்பஞ்சுத் தோப்பு ஒன்றின் நிழலில் நின்றோம். மரத்தில் காய் வெடித்துப் பஞ்சு காற்றில் பறந்து எங்கள் மேல் உட்கார்ந்தது. நால்வருக்கும் பசியில் காது அடைத்தது. அங்கேதான் அதைச் சொன்னார்.

"கை நனைக்க வேணாம் மாப்ள. போயிருவோம், பாத்துருவோம், வந்துருவோம். வயிறு சரியில்லன்னு நான் சொல்லிக்கிறேன்."

"அத்தான், அந்தப் புள்ளைக்குப் புடிச்சிருக்கு."

"அதுக்காகத்தான் சொல்றேன். என் தம்பி கல்யாணத்தப்ப நான் எதையும் பாக்கல. யாரும் சொன்னதயும் கேக்கல. அவன் பாதியில போயிட்டான். அந்தப் பாவத்த இன்னொரு தடவ நான் தூக்க முடியாது."

அதுவரை அவரைக் கேலி செய்துகொண்டே வந்த எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவர் பூனைக்குப் பயப்படவில்லை. ஆனால் பூங்கொடியின் குரலும் காதிலேயே இருந்தது. அக்கா தலைமுடியில் ஒட்டிய பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டாளா இல்லையா என்று தெரியவில்லை.

வீடு சின்னதாக, சுத்தமாக இருந்தது. எங்கள் ஜீப்பின் சத்தத்துக்கு ஊரே வாசலில் நின்று வரவேற்றது. பையனின் அப்பா "வாங்க சம்பந்தி" என்றதும் பெரியத்தான் ஓரடி பின்வாங்கினார். வீட்டைச் சுற்றிப் பார்த்தோம், மாட்டைப் பார்த்தோம், கிணற்றைப் பார்த்தோம். பார்ப்பதற்கு மேற்கொண்டு ஒன்றும் மிச்சமில்லாமல் போன பிறகு கூடத்தில் தலைவாழை இலை போட்டார்கள். சோறு, சாம்பார், அவியல், அப்பளம், வடை. பாயசத்தில் நெய் மணத்தது. பையனின் அம்மா கரண்டியோடு நின்று முதல் இலையைக் காட்டினார். "ஒக்காருங்க."

பெரியத்தான் வயிற்றில் கையை வைத்தார். நான் பார்த்தேன். பையனின் அப்பாவும் பார்த்தார், அவர் முகம் சிறுத்துப் போயிற்று. "அது என்னன்னா, காலையிலருந்து வயிறு" என்று பெரியத்தான் தொடங்கினார்.

அக்கா அவரைத் தாண்டி வந்தாள். மூத்த ஆண்பிள்ளைக்கென்று போட்ட முதல் இலையின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். தண்ணீர் தெளித்து இலையைத் துடைத்தாள். பையனின் அம்மா ஒரு நொடி திகைத்துப் பின் அவசரமாகச் சோறு வைத்துச் சாம்பார் ஊற்றினார். அக்கா பிசைந்து முதல் கவளத்தை வாயில் போட்டு மென்று விழுங்கினாள். பிறகுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"சோறு ஆறுது அத்தான். ஒக்காருங்க."

அந்த நேரம் பார்த்துச் சுவரில் ஒரு பல்லி கத்தியது. எல்லோருடைய தலையும் மேலே திரும்பியது. பல்லி எந்தத் திசையில் சொன்னால் என்ன பலன் என்று பஞ்சாங்கம் பார்க்காமல் சொல்லக் கூடியவர் அந்தக் கூடத்தில் ஒருவர்தான் இருந்தார். பெரியத்தான் பல்லியைப் பார்த்தார். தம்பி மனைவியைப் பார்த்தார். அவள் அடுத்த கவளத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"பூச்சி ஆம்புடலபோல. பசியில கத்துது" என்று சொல்லிவிட்டு இரண்டாவது இலையில் உட்கார்ந்தார்.